பலாவிலிருந்து ஒரு சுளை

2022 அக்டோபர் கடைசியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெண்களுக்குக் கணினி சொல்லித்தரும் ஒரு சிறிய பயிற்சி மையத்திலிருந்து போன் வந்தது. அங்கே உள்ள கணினிகளில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவன் நான். அதனால் எது நின்றாலும் எனக்குத்தான் அழைப்பு வரும்.

"தம்பி, டேப்லெட்டுல சார்ஜ் ஏறுது. ஆனா கம்ப்யூட்டர்ல சொருகினா கண்டுக்கவே மாட்டேங்குது. பதினெட்டுல பதினொண்ணு இப்படித்தான் இருக்கு" என்றார் மையத்தை நடத்தும் அக்கா.

லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பி, அரியாங்குப்பம், கன்னியக்கோவில் வழியாக பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். டார்ச் அடித்தால் சார்ஜ் சொருகும் வாய்க்குள் பச்சை பூத்திருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. அந்த உப்புக்காற்றில் மின்சாரம் போகும் முனைகள் எப்படியோ தாக்குப்பிடித்திருந்தன, தரவு போகும் முனைகள் அரித்துப்போயிருந்தன. ஒவ்வொரு புதிய வகுப்பு தொடங்கும்போதும் பாடச் செயலிகளை, கணினியிலிருந்து ஆண்ட்ராய்டு சாதனத்துக்கு ஆணையிடும் ஏடிபி என்ற கருவி வழியாக மொத்தமாக ஏற்றுவார்கள். அந்த வேலை நின்றுவிட்டது.

ஆண்ட்ராய்டு 11 முதல் கேபிளே இல்லாமல் வைஃபையில் இணை சேர்க்கலாம். டேப்லெட் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று வரும். கணினியில் ஏடிபியின் 'பேர்' (pair) கட்டளையை அடித்து அந்த எண்ணைக் கொடுத்தால் போதும். மையத்து டேப்லெட்டுகள் ஆண்ட்ராய்டு 11தான். பிரச்சினை தீர்ந்தது என்று கட்டளையை அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே தெரியாது என்றது. டெபியன் 11இல் இருந்த ஏடிபி, ஆண்ட்ராய்டு 10 காலத்து மூலநிரலிலிருந்து கட்டியது. அடுத்த வெளியீட்டுக்கான வேலை நடக்கும் அன்ஸ்டேபிள் கிளையிலும் அப்போது அதே தலைமுறைதான் இருந்தது.

கூகுளே ஏடிபியைக் கட்டித் தரும் ஜிப் கோப்பை இறக்கிப் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். மையத்தில் டேப்லெட்டுகளுக்கென்று வைத்திருந்தவை ராஸ்பெர்ரி பை 4 பலகைகள், அதாவது ஆர்ம் செயலி. அந்த ஜிப்பில் லினக்ஸுக்கு இருப்பது இன்டெல் வகைச் செயலிகளுக்கானது மட்டும்தான். ஆக, மூலநிரலிலிருந்து கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்கு வேண்டியது இரண்டே இரண்டு நிரல்கள்: ஏடிபி, அதோடு சாதனத்தின் இயங்குதளத்தையே எழுத உதவும் ஃபாஸ்ட்பூட். ஆனால் அவை இருப்பது ஆண்ட்ராய்டின் முழு மூலநிரல் மரத்துக்குள். நூற்றுக்கணக்கான கிட் களஞ்சியங்களை (மூலநிரலை மாற்ற வரலாற்றோடு வைக்கும் கிடங்குகளை) 'ரெப்போ' என்ற கருவி ஒன்றாகக் கோத்து இறக்கும் மரம் அது. இறக்க 250 ஜிபி, கட்ட இன்னும் 150 ஜிபி வேண்டும் என்று அவர்களுடைய ஆவணமே சொன்னது. என் மடிக்கணினியின் மொத்த வட்டே 256 ஜிபி. பண்ருட்டிப் பலா ஒன்றை முழுசாக வாங்கி வந்தால்கூட இலையை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஒரு சுளையை எடுத்துவிடலாம். இங்கே பழத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே இடமில்லை.

முதலில் செய்த காரியம், எந்தெந்தக் களஞ்சியம் வேண்டும் என்று கண்டுபிடித்தது. இதற்கு எந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை. பழைய மாதக் காலண்டரின் தாள்களைக் கிழித்து, பின்பக்கம் படம் போட்டேன். நடுவில் ஏடிபி என்று எழுதி, அதன் கட்டு விதிக் கோப்பைத் திறந்து, அது கேட்கும் லைப்ரரிகளை (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்புகளை) சுற்றி எழுதி, ஒவ்வொன்றின் விதிக் கோப்பையும் திறந்து, அவை கேட்பவற்றை எழுதி... நான்கு தாள் ஆனது. இரண்டு மாலைகள். பார்க்க வீண்வேலை மாதிரி இருக்கும். ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு முடிவுக்கும் அந்தத் தாள்களைத்தான் புரட்டினேன். பெரிய மரத்திலிருந்து ஒரு பகுதியை எடுக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எதையும் இறக்குவதற்கு முன்னால் வரைந்து பாருங்கள். பச்சை மையில் 'டெபியனில் ஏற்கனவே இருக்கிறது', சிவப்பு மையில் 'மரத்திலிருந்து எடுக்க வேண்டும்' என்று வட்டம் போட்டேன். ப்ரோட்டோபஃப், எல்இசட்4, ப்ராட்லி, இசட்ஸ்டேண்டர்டு, லிப்யூஎஸ்பி எல்லாம் பச்சை. சிவப்பில் மிஞ்சியவை ஒரு கைக்கும் மேலே, இரண்டு கைக்குள்.

டெபியனில் ஏற்கனவே இருந்த ஏடிபி பேக்கேஜின் (நிறுவத் தயாராகக் கட்டிய பொதியின்) கட்டு விதிகளை எடுத்து, புதிய மூலநிரலின் மேல் ஒட்டிவிடலாம் என்றுதான் ஆரம்பத்தில் நம்பினேன். அது நடக்கவில்லை. ஆண்ட்ராய்டு 10 காலத்தில் 'சிஸ்டம் கோர்' என்ற ஒரே களஞ்சியத்துக்குள் ஏடிபி, ஃபாஸ்ட்பூட், அடிப்படை லைப்ரரி, லாக் லைப்ரரி எல்லாம் கூட்டுக்குடும்பமாக இருந்தன. நான் எடுக்க நினைத்த 31.0.3 வருவதற்குள் ஃபாஸ்ட்பூட் தவிர மற்றவை தனித்தனிக் களஞ்சியங்களாகப் பிரிந்து போய்விட்டன. பழைய விதிகளில் இருந்த பாதைகள் எதுவும் பொருந்தவில்லை. பெரிய மரங்களில் இது சகஜம். அவர்கள் தங்கள் வசதிக்கு வீட்டை மாற்றிக் கட்டுவார்கள், ஒரு அறையில் மட்டும் குடியிருக்கிற நம்மைக் கேட்க மாட்டார்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நம் பக்கத்து விதிகளில் பாதைகளை ஒரே இடத்தில் மாறிகளாக எழுதி வைத்தால் அடுத்த தடவை வலி குறையும்.

எல்லாக் களஞ்சியங்களையும் ஒரே டேக்கிலிருந்து, அதாவது ஒரே வெளியீட்டுக் குறியிலிருந்து, எடுக்க வேண்டும் என்பதை ஒருநாள் இழந்து கற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் முதன்மைக் கிளையிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லாம் இயந்திர மொழிக்குக் கம்பைல் ஆகி, அவற்றை ஒன்றாகக் கோத்து லிங்க் செய்யும்போது விழுந்தது. அந்த லைப்ரரிகள் ஒன்றோடு ஒன்று ஒரே நாளில் பழகியவை. வேறு நாளைச் சேர்ந்ததை நடுவில் நுழைத்தால் ஒத்துப்போகாது.

இன்னொன்று. அந்தக் களஞ்சியங்களின் வலைத்தளத்தில் எந்த டேக்கையும் டார் என்ற ஒற்றைக் கட்டுக் கோப்பாக இறக்க வழி உண்டு. ஒரு அடைவை மட்டும்கூட இறக்கலாம், மிக வசதி. ஆனால் நேற்று இறக்கியதற்கும் இன்று இறக்கியதற்கும் செக்சம் (கோப்பின் கைரேகை போன்ற எண்) வேறாக வந்தது. உள்ளே கோப்புகள் ஒன்றுதான், இறக்கும்போதெல்லாம் கட்டு மட்டும் புதிதாகப் போடப்படுகிறது. மூலநிரல் இன்னதுதான் என்று கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டிய பேக்கேஜ் வேலைக்கு இது ஆகாது. அதனால் டேக்கை மட்டும், பழைய வரலாறு இல்லாமல், க்ளோன் (நகல்) செய்து, அதிலிருந்து நானே டார் கோப்பைச் செய்து, அதை மாற்றாமல் வைத்துக்கொண்டேன். டெபியனின் '3.0 குவில்ட்' வடிவத்தில் ஒரே மூலப் பேக்கேஜுக்குள் பல டார் கோப்புகளைத் தனித்தனிப் பாகங்களாக வைக்கலாம். ஒவ்வொரு களஞ்சியமும் ஒரு பாகம் என்று வைத்தேன். பாகத்தின் பெயரில் சாய்கோடு வராது என்பதால் நீளமான பாதைகள் எல்லாம் சுருங்கி ஒற்றைப் பெயராகிவிடும். அதையும் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டேன்.

இப்போது என்னை அதிகம் அலைக்கழித்த இடத்துக்கு வருகிறேன்.

ஆண்ட்ராய்டு மரத்தைக் கட்டுவது சூங் என்ற அவர்களுடைய சொந்தக் கருவி. அது முழு மரத்தையும் எதிர்பார்க்கிறது. சில கிளைகளை மட்டும் கொடுத்தால் அசையாது. எனவே விதிக் கோப்புகளைப் படித்து, அவற்றுக்கு இணையாக, மேக் என்ற பொதுக் கருவிக்கான மேக்ஃபைல்களைக் கையால் எழுத வேண்டும். விதிக் கோப்பில் ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு தொகுதி இருக்கும். அதில் மூலக் கோப்புகளின் பட்டியல் கண்ணுக்கு முன்னால் நிற்கும். நான் அந்தப் பட்டியலை மட்டும் பொறுப்பாக எடுத்து எழுதினேன்.

கட்ட ஆரம்பித்தால், கணினியில் ஓட வேண்டிய ஏடிபி, லினக்ஸ் அனுமதிகளைக் கையாளும் லிப்கேப் லைப்ரரியின் ஹெடரை (அதில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்பை) கேட்டது. சரி, டெபியனில் இருக்கிறதே என்று அதன் டெவலப்மென்ட் பேக்கேஜைப் போட்டேன். அடுத்து இன்னொரு ஹெடர். அதை மரத்தில் தேடிப் பிடித்தேன். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றையும் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, சிவப்பு வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. மூன்று இரவுகள் இப்படிப் போயின. கடைசியில் கேட்டது டேப்லெட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய ஒன்றை. அப்போதுதான் உறைத்தது. பிழை வந்த வரியை மட்டும் பார்க்காமல், அதற்கு மேலே நான்கு வரி தள்ளிப் பார்த்தேன். 'ஏடிபி ஹோஸ்ட் இல்லையென்றால்' என்ற நிபந்தனைக்குள் அந்த வரி இருந்தது.

ஏடிபியின் மூலநிரல் ஒன்றுதான். கணினியில் ஓடும் பாதியும் டேப்லெட்டுக்குள் ஓடும் பாதியும் அதே கோப்புகளில் கலந்து கிடக்கின்றன. எந்தப் பாதி வேண்டும் என்பதை கட்டும்போது மதிப்பு கொடுக்க வேண்டிய 'ஏடிபி ஹோஸ்ட்' என்ற ஒரு மேக்ரோதான் தீர்மானிக்கிறது. மதிப்பு 1 என்றால் கணினி, 0 என்றால் டேப்லெட். இந்த மேக்ரோ லைப்ரரியின் தொகுதியில் எழுதியிருக்காது. எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவாக, தனியே ஒரு 'இயல்புநிலை'த் தொகுதியில் எழுதி, மற்றவை அதைப் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளும். நான் பெயரைப் பார்த்தேன், போய்ப் படிக்கவில்லை. சி மொழியின் முன்செயலிக்கு ஒரு வழக்கம் உண்டு: நிபந்தனையில் வரும் பெயர் எங்கும் வரையறுக்கப்படவில்லை என்றால் பிழை சொல்லாது, சத்தமில்லாமல் 0 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, மூன்று இரவும் நான் ராஸ்பெர்ரி பைக்காகக் கட்டிக்கொண்டிருந்தது டேப்லெட்டின் உள்ளே இருக்க வேண்டிய பாதியை.

ஒரே ஒரு வரி சேர்த்ததும் அந்த ஹெடர்கள் எதுவுமே தேவைப்படவில்லை. லிப்கேப்பை எடுத்துவிட்டேன். வரையறுக்காத பெயர் நிபந்தனையில் வந்தால் எச்சரிக்கச் சொல்லும் கொடி கம்பைலரில் உண்டு. அன்றிலிருந்து ஒரு மரத்திலிருந்து பகுதியைப் பிரித்து எடுக்கும் ஒவ்வொரு வேலையிலும் அதை முதல் நாளே போட்டுவிடுகிறேன். மரத்துக்குள் இருக்கும்வரை இந்த மாதிரி மதிப்புகள் மேலிருந்து தானாக இறங்கி வரும். வெட்டி எடுக்கும்போது அந்த இறக்கம் அறுந்துவிடும், அறுந்தது வெளியே தெரியாது. மூலக் கோப்புகளை எடுத்தோமா என்று பார்ப்பதைவிட, அவற்றுக்கு மேலிருந்து என்னென்ன வந்துகொண்டிருந்தது என்று பார்ப்பது முக்கியம். நாற்றைப் பிடுங்குகிறவர்கள் வேர் மண்ணை உதறிவிடாமல் எடுப்பது போலத்தான்.

இதே காரணத்தால் கம்பைலர் விஷயத்திலும் பிடிவாதத்தை விட்டேன். ஜிசிசி என்ற கம்பைலரில்தான் கட்டுவேன் என்று இரண்டு நாள் நின்று பார்த்தேன். அவர்கள் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரை மட்டும் வைத்துப் பழகிய நிரல் அது. கிளாங்குக்கு மாறியதும் பாதிப் பிழை போயிற்று.

டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் காற்று ஜன்னலை உடைப்பது போல அடித்தது. லாஸ்பேட்டையில் கரண்ட் போய் மறுநாள்தான் வந்தது. இன்வெர்ட்டரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு ரௌட்டரையும் மடிக்கணினியையும் மட்டும் ஓட்டினேன். அந்த இரவில் செய்து முடித்தது ஒன்றே ஒன்று: அதுவரை ஒரே மூட்டையாக இருந்த என் மாற்றங்களைப் பதினாலு சிறு பேட்சுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஏன் செய்தேன் என்று இரண்டு வரி எழுதினேன். கட்டும் வேலைக்கு மின்சாரம் போதாத இரவில், எழுதும் வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

பாதுகாப்பு லைப்ரரியிலும் ஒரு சறுக்கல். ஆண்ட்ராய்டு மரம் பயன்படுத்துவது போரிங்எஸ்எஸ்எல். அது ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து கிளைத்தது. டெபியனில் ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பாதுகாப்புக் குழு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு பிரதி எதற்கு, பொதுவானதையே பயன்படுத்துவோம் என்று மாற்ற ஆரம்பித்தேன். இந்த எண்ணம் தவறில்லை, பேக்கேஜ் செய்கிற யாரும் முதலில் இப்படித்தான் யோசிக்க வேண்டும். ஆனால் இணை சேர்க்கும் கட்டளை, அந்த ஆறு இலக்க எண்ணை வைத்து இரு பக்கமும் ஒருவரை ஒருவர் நம்புவதற்கு ஸ்பேக்2 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அது போரிங்எஸ்எஸ்எல்லில் இருக்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இல்லை. அதாவது எந்த வசதிக்காக இவ்வளவு பாடுபட்டேனோ அதையே வெட்டியிருப்பேன். போரிங்எஸ்எஸ்எல்லையும் ஒரு பாகமாகச் சேர்த்து, நிலையாக உள்ளேயே லிங்க் செய்துவிட்டேன். இந்த லைப்ரரிகள் எதற்கும் வெளி உலகத்துக்கு உறுதி கொடுத்த பதிப்பு எண் கிடையாது. இன்று இருக்கும் செயற்கூறு நாளை வேறு உருவத்தில் இருக்கும். அவற்றைப் பொது லைப்ரரிகளாக நிறுவி மற்ற நிரல்கள் சார்ந்திருக்க விடக்கூடாது. டெபியனின் சொந்தப் பேக்கேஜும் அவற்றை 'ஆண்ட்ராய்டு' என்ற தனி அடைவுக்குள்தான் ஒதுக்கி வைத்திருந்தது.

ஆனால் நான் வெட்டிய இன்னொரு இடம் இருக்கிறது. அதைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே வைஃபையில் எந்த டேப்லெட் காத்திருக்கிறது என்று ஏடிபி தானே கண்டுபிடிக்க எம்டிஎன்எஸ் என்ற பகுதி இருக்கிறது. அதற்கு மரத்திலிருந்து இன்னும் கிளைகள் வேண்டும், அவை இன்னும் சிலவற்றை இழுக்கும். தாளில் அந்த மூலை முழுக்கச் சிவப்பு. அது இல்லாமலும் இணை சேர்க்கலாம், ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் கையால் அடித்தால் போதும். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒன்றும் செய்யாத வெற்றுச் செயற்கூறுகளை வைத்தேன். பேக்கேஜ் அழகாகச் சுருங்கியது. மூன்றாவது நாளே மையத்தில் நிறுவிக் கொடுத்து, படிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அக்கா ஒரு டேப்லெட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை ஒற்றை விரலால் எண்களை அடித்துக்கொண்டிருந்தார். இணை சேர்க்க ஒரு போர்ட் எண். அது முடிந்து, இணைக்க வேறொரு போர்ட் எண், வேறொரு திரையில். இரண்டும் ஒவ்வொரு தடவையும் மாறும். பதினொரு டேப்லெட். ஒரு எண் தப்பினால் முதலிலிருந்து. அதற்குள் திரை அணைந்துவிடும்.

"வேலை செய்யுது தம்பி. ஆனா காலைல ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சா பதினொண்ணு ஆயிடுது. பிள்ளைங்க உக்காந்திருக்காங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. நான் மிச்சப்படுத்திய வேலையை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரமாக அவர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அன்றிரவே தாளை எடுத்து அந்தச் சிவப்பு மூலையில் உட்கார்ந்தேன். எம்டிஎன்எஸ்ஸைத் திரும்பச் சேர்க்க ஆறு நாள் ஆனது. இப்போது இணை சேர்த்த டேப்லெட் தானாகவே இணைந்துகொள்ளும். முதல் தடவை மட்டும் எண் அடித்தால் போதும். சுவரில் இருந்த ஆறு படித் தாள் மூன்று படியானது. அதற்குப் பிறகு எதையாவது வெட்டுவதற்கு முன் நான் கேட்டுக்கொள்வது, இது போனால் எத்தனை எம்பி குறையும் என்று அல்ல, இது செய்துகொண்டிருந்த வேலையை இனி யார் செய்வார் என்று. பேக்கேஜோடு போகும் 'ரீட்மீ சோர்ஸ்' என்ற குறிப்புக் கோப்பில் வெட்டியவை ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்விக்கான பதிலை எழுதி வைக்கிறேன்.

2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் ஆர்வலர்களின் கூடுகை நடந்தது. நமக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒன்று நடப்பது பெரிய விஷயம், பேக்கேஜை எடுத்துக்கொண்டு போனேன். அனுபவமுள்ள ஓர் அண்ணன் கட்டு விதிகளைத் தொடவே இல்லை. நேரே பதிப்புரிமைக் கோப்பைத் திறந்தார். நான் 'அப்பாச்சி 2.0' உரிமம் என்று மொத்த மரத்துக்கும் ஒரே வரியில் எழுதியிருந்தேன். ஏடிபிக்கு அது சரி. போரிங்எஸ்எஸ்எல்லுக்குள் ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து வந்த உரிமமும் ஐஎஸ்சி உரிமமும் இருந்தன, ஃபாஸ்ட்பூட்டின் கோப்புகளில் பிஎஸ்டி வகை உரிமம். "கிளையை எடுத்தா அதுல கூடு கட்டினவங்க பேரையும் எடுத்துக்கணும்" என்றார். அடைவு அடைவாகப் பார்த்து எழுத ஒரு முழு ஞாயிறு போனது. அப்படிப் பார்க்கும்போதுதான் மூலநிரல் இல்லாமல் கட்டி வைத்த சில பைனரி கோப்புகள் சோதனை அடைவுகளில் கிடப்பதும் தெரிந்தது. நமக்கு அவை வேண்டியதில்லை. டார் கோப்பிலிருந்து விலக்கும் பட்டியலில் சேர்த்தேன்.

பதிப்பு எண்ணில் ஒரு சின்ன விஷயம், ஆனால் ஒரு மதியத்தைத் தின்றது. என்னுடையது 31.0.3, டெபியனில் இருந்தது 10.0.0. ஆனால் டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் என்னுடையதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உற்றுப் பார்த்தால் டெபியனின் எண் உண்மையில் 1:10.0.0. முன்னால் இருக்கும் அந்த 'ஒன்று, முக்காற்புள்ளி' இருந்தால், அது இல்லாத எந்த எண்ணையும்விட அதுதான் பெரியது. என்னுடையதை 1:31.0.3 என்று மாற்றினேன். உடனே எடுத்துக்கொண்டது. அப்படி எழுதும்போது அடுத்ததையும் யோசித்தேன்: நாளைக்கு டெபியனே புதியதைக் கொண்டுவந்தால் என்னுடையது வழிவிட வேண்டும். அதனால் எண்ணைத் தேவைக்கு மேல் ஊதவில்லை.

மையத்துப் பலகைகளை 2023இல் டெபியன் 12க்கு மாற்றியபோது அதில் வந்த ஏடிபி 1:29.0.6. என்னுடையதே நிலைத்தது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்தது. தீபாவளி விடுமுறையில் போய் மாற்றினேன். இதற்குள் பழைய டேப்லெட்டுகள் போய், சொருகுவாய் நன்றாக இருக்கும் புதியவை வந்திருந்தன, அவற்றுக்குக் கேபிளே போதும். திரையில் ஓடிய பட்டியலில் ஏடிபிக்கு நேராக 1:34.0.5 என்று வந்தது. என் பேக்கேஜ் எதுவும் கேட்காமல் நகர்ந்துகொண்டது. பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்று ஆப்டுக்குச் சொல்லும் பட்டியலிலிருந்து எங்கள் பேக்கேஜ் களஞ்சியத்தின் வரியை நீக்கினேன்.

"இந்தத் தாளைக் கழட்டிடவா தம்பி?" என்று சுவரைக் காட்டினார் அக்கா. பசை காய்ந்து ஒரு மூலை ஏற்கனவே மடங்கியிருந்தது. கழற்றி என்னிடம் கொடுத்தார். காலண்டர் தாள்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.